வாசர் பத்து, ஸ்பேனர் ஒன்று

பதினோரு வீடுகளில் ஏழு பூட்டிக் கிடந்தன. சாவி கொடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பூட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. நாதாங்கியில் ஒரு கம்பியை முறுக்கி விட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டு வாசற்படியில் ஆடு படுத்திருந்தது. கழிப்பறைகளுக்குள் விறகு அடுக்கியிருந்தது. என்னோடு வந்த அலுவலர் கெட்டவர் இல்லை. அந்த வீடுகளுக்கு மனைப்பட்டா வாங்க எனக்கு நிறையவே உதவியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவர் சொன்னார்: "இவங்களுக்கு வீடு குடுத்தாலும் இருக்கத் தெரியாதும்மா."

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் இருளர் மக்களோடு வேலை செய்த இந்தப் பதினெட்டு வருடத்தில், இந்த வாக்கியத்தை நான் கேட்காத அலுவலகம் இல்லை. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட வெட்கம், உள்ளுக்குள் நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன்.

இருளர் என்றதும் நீலகிரியை நினைப்பவர்கள் உண்டு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்துச் சமவெளி இருளர்களுடைய கதை வேறு. காடு கைவிட்டுப் போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. ஏரிக்கரையும் வயல்வரப்புமே அவர்களுடைய காடு. அறுவடை முடிந்த வயலில் எலி வளையைக் கண்டுபிடித்து, பானைக்குள் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, ஓட்டை வழியாகப் புகையை ஊதி எலி பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லும் வீட்டுக்கு வரும். பாம்புத் தோலுக்கும் ஒரு காலத்தில் நல்ல விலை இருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பிழைப்பு நின்றது. 1978-ல் ரோமுலஸ் விட்டேகர் போன்றவர்களின் முயற்சியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து மருந்துக்குக் கொடுக்க ஆரம்பித்தது. 2023-ல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் குடியிருப்புகளில் டி.வி. இருந்த வீடுகளில் எல்லாம் கூட்டம். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். சங்கத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர். மற்றவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு ரைஸ் மில்லுக்கும் செங்கல் சேம்பருக்கும் மரம் வெட்டவும் போனார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். ஒரு பெரியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படம் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படத்தை நான் வெட்டி வைத்துக்கொள்ளவில்லை. பார்க்க முடியவில்லை.

உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது கல்வெட்டைப் பார்க்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறையை விளக்கி வழிகாட்டிகள் பேசுவதை மாணவர்கள் கூட்டமாக நின்று கேட்பார்கள். நானும் புதிதாகச் சேர்பவர்களை அங்கே கூட்டிப்போவேன், ஆனால் வேறொரு வரிக்காக. ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் ஒருவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவும் வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலத்துச் சபை, அந்தக் காலத்து விதி, எல்லாம் சரி. ஆனால் மனை இல்லாதவன் கணக்கில் இல்லை என்பதை இந்த ஊர் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே கல்லில் எழுதிவைத்துவிட்டது. இப்போது கல்லுக்குப் பதில் கம்ப்யூட்டர். வீட்டு முகவரி இல்லாவிட்டால் ரேஷன் கார்டு இல்லை, கார்டு இல்லாவிட்டால் மற்றது எதுவும் இல்லை.

ஏரிக்கரையில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களுக்கு அங்கேயே பட்டா கொடுக்க முடியாது. நீர்நிலைப் புறம்போக்கு. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்தது. ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஏரி வற்றினால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் இருளர்கள்தான். ஆனால் கரையிலிருந்து எடுத்து எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் ஊருக்கு வெளியே, யாருக்கும் வேண்டாத கல்லாங்குத்துப் புறம்போக்கில் மூன்று சென்ட். நான் சொன்ன பதினோரு வீடுகளும் அப்படித்தான் வந்தன.

அலுவலர் போன பிறகு மிச்சமிருந்த நான்கு வீடுகளில் ஒன்றின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டு ஆயா அப்போதே எழுபதை நெருங்கியிருப்பார். அவர் என்னை 'மேடம்' என்பதிலிருந்து 'ஏ பொண்ணு'வுக்கு வந்து சேர ஐந்து வருடம் பிடித்தது. அன்றைக்கு இன்னும் மேடம்தான்.

"எல்லாரும் எங்க ஆயா போனாங்க?"

"சேம்பருக்கு."

"வீடு இருக்கும்போது ஏன்?"

"அங்க தண்ணி இருக்குது மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். கொத்தடிமையாகக் கிடந்த இடத்துக்கே திரும்பிப் போக அதுதான் காரணமா? நான் எழுந்துபோய்த் தெருமுனைக் குழாயைத் திருகினேன். காற்றுகூட வரவில்லை. தொட்டி இருந்தது, மோட்டார் இருந்தது, இணைப்பு இருந்தது. வால்வு ஒன்று பழுதாகி மூன்று மாதமாகிறது. அதை மாற்ற அப்போது ஆன செலவு நானூறு ரூபாய்க்குள். தண்ணீர் வராததால் கழிப்பறை விறகு அறையானது. பெண்கள் ஊர்க் குழாய்க்குப் போனால் கடைசி ஆளாகத்தான் குடம் வைக்க வேண்டும், அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். சேம்பர் முதலாளிக்குச் செங்கல்லுக்கு மண் குழைக்கத் தண்ணீர் வேண்டும், எனவே அங்கே குழாய் எப்போதும் ஓடும். முன்பணம், பழைய கடன், பழக்கம் எல்லாம் உண்டுதான். ஆனால் குடும்பத்தைக் கிளப்பிய கடைசித் தள்ளு அந்த வால்வு.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெளிநாட்டுக் கதை ஒன்று பின்னால் உதவியது. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் பழங்குடி மக்களே நடத்திய ஒரு சுகாதார அமைப்புக்கு யாமி லெஸ்டர் என்பவர் தலைவராக இருந்தார். அவரும் அந்தப் பழங்குடியைச் சேர்ந்தவர், பார்வை இழந்தவர். ஆஸ்பத்திரிகள் நன்றாக நடந்தும் மக்கள் ஏன் திரும்பத் திரும்ப நோயில் விழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க 1980-களின் நடுவில் மூன்று பேரைக் கூப்பிட்டார். ஒரு மருத்துவர், ஒரு சுற்றுப்புறச் சுகாதாரப் பணியாளர், பால் ஃபோலரஸ் என்ற கட்டடக் கலைஞர். 1987-ல் அவர்கள் கொடுத்த அறிக்கையில் முதல் இடம் மருந்துக்கு இல்லை, குளிப்பதற்கு. முக்கியமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் குளிப்பாட்ட வீட்டில் வழியிருக்கிறதா என்பதற்கு. பிறகு அவர்கள் ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாயையும் சுவிட்சையும் சோதித்து, ஏன் கெட்டுப்போனது என்று கணக்கெடுத்தார்கள். குடியிருந்தவர்கள் உடைத்தது நூற்றுக்கு ஒன்பது. கட்டும்போதே தப்பாகக் கட்டியது இருபத்தொன்று. மீதி எழுபதும் பராமரிப்பு இல்லாமல் போனது. அங்கேயும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது அதே வாக்கியம்தான், இருக்கத் தெரியாது என்று.

அவர்களுடைய ஒரு விதியை நான் எடுத்துக்கொண்டேன். பழுது பார்க்காமல் கணக்கெடுக்கக் கூடாது. கணக்கெடுக்கப் போகிற அன்றைக்கே கையில் கருவியோடு போய், முடிந்ததைச் சரிசெய்துவிட்டுத்தான் படிவத்தை நிரப்ப வேண்டும். அன்றிலிருந்து என் பையில் நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனர், வாசர் பத்து, டெஃப்லான் டேப் ஒரு சுருள், டெஸ்டர் ஒன்று. சமூகப்பணி படித்துவிட்டு வந்த பிள்ளைகள் முதல் நாள் பையைப் பார்த்துச் சிரிப்பார்கள். குழாய் சொட்டுவதை நிறுத்திக் காட்டிய வீட்டில், அதுவரை வாய் திறக்காத பெண் தன் கணவன் முன்பணம் வாங்கிய கதையைச் சொல்ல ஆரம்பிக்கும்போது சிரிப்பு நின்றுவிடும்.

கேட்பதிலும் ஒரு தொழில் இருக்கிறது. "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் இருளர் குடியிருப்பில் கிடைக்கும் பதில் "ஒண்ணும் இல்ல" என்பதுதான். தலைமுறை தலைமுறையாக, பிரச்சினை என்று சொன்னவனுக்குத்தான் பிரச்சினை வந்திருக்கிறது. அதனால் நான் கேட்பது ஒரே கேள்வி: "நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?"

இதற்கு யாரும் பொய் சொல்வதில்லை, சொல்லத் தோன்றுவதும் இல்லை. "வெளியில" என்றால் உள்ளே ஏதோ சரியில்லை. சித்திரையில் கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். ஃபேன் இருக்கிறதே என்றால், கரண்ட் பில் பயம். இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்பது அந்த வீடுகளில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மீட்டர் பக்கத்தில் நின்று எண்ணைப் படித்துக் காட்டி, அடுத்த மாதமும் வந்து படித்துக் காட்டி, பில் வராததைப் பார்த்த பிறகுதான் ஃபேன் சுற்றியது. "அம்மா வூட்ல" என்று ஒரு பெண் சொன்னால் அடுத்த கேள்வி கேட்கக் கூடாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய வேண்டும். "ஏரியில" என்று ஒரு பையன் சொன்னால் மீன் நன்றாக விழுகிறது, கவலை இல்லை. ஒரு காலையில் ஐந்து வீட்டுக்காரர்களும் "ஸ்கூல்ல" என்றார்கள். மழையில் ஐந்து கூரையும் ஒழுகியிருக்கிறது. ஒருவர்கூடப் புகார் சொல்லியிருக்கவில்லை.

கொட்டாய் பற்றியும் சொல்ல வேண்டும். தொகுப்பு வீட்டுக்கு முன்னால் நான்கு கொம்பு நட்டு, பனை ஓலை போட்டு ஒரு கொட்டாய் கட்டிவிடுவார்கள். பார்வையிட வருபவர்களுக்கு அது கண்ணை உறுத்தும். பக்கா வீடு கொடுத்தும் குடிசை போடுகிறார்களே என்பார்கள். நானும் ஒரு காலத்தில் யாராவது பெரிய அதிகாரி வருகிறார் என்றால் கொட்டாயைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என்மேல் கோபம் வருகிறது. அடுப்பு அங்கேதான் எரியும், புகை அங்கேயே போய்விடும். கிழவர்கள் அங்கேதான் படுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் உள்ளே வராமல் வந்து உட்கார அந்த இடம்தான். வரைபடம் போட்டவர் விட்டுவிட்ட அறையை அவர்களே கட்டி முடித்திருக்கிறார்கள்.

இன்னொரு சண்டை, வீடு ஒதுக்குவதில். வேறொரு குடியிருப்புக்கு வீடுகள் தயாரானபோது, யாருக்கு எது என்பதைக் குலுக்கிப் போட்டு எடுக்கலாம் என்று சொன்னார்கள். "இது குடவோலை ஊரு மேடம், குலுக்கிப் போட்டா சண்டை வராது" என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டு. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் குலுக்கினால் மாமியார் ஒரு தெருவிலும் மருமகள் மூன்று தெரு தள்ளியும் விழுவார்கள். காது கேட்காத தம்பி ஒருவர் அக்காவின் கைச்சோற்றில்தான் இருந்தார். அவரைத் தனியாக ஒரு கோடியில் வைத்தால் என்ன ஆவது? ஏரிக்கரையில் குடிசைகள் வரிசையாக நிற்பதில்லை, ஒன்றையொன்று பார்த்து நிற்கும். நடுவில் வேப்பமரமும் அவர்கள் கும்பிடும் கன்னியம்மா கல்லும். மூன்று ராத்திரி மண்ணில் கோடு கிழித்து, யார் பக்கத்தில் யார் என்று அவர்களையே பேசவைத்தோம். சண்டை வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. ஆனால் அது தங்களுக்குத் தெரிந்த சண்டை, தங்களால் தீர்க்க முடிந்த சண்டை. அந்தக் குடியிருப்பில் இன்றுவரை ஒரு வீடும் காலியாகவில்லை.

காகித வேலை பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. பழங்குடிச் சாதிச் சான்று கோட்டாட்சியர் கையெழுத்தில் வர வேண்டும். அப்பாவுக்கு இருக்கிறதா என்பார்கள், அப்பாவுக்கு இருந்தால் மகன் ஏன் நிற்கப்போகிறான்? ஆதாரில் ஒரு பெயர், கார்டில் ஒரு பெயர், கூப்பிடுவது மூன்றாவது பெயர். இதில் தேய்ந்த செருப்புகளின் கணக்கை விட்டுவிடலாம்.

உடம்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு வேலையும் உடம்பு வேலையும் எனக்கு ஒன்றுதான் என்று ஆனது ஒருவரால். ரைஸ் மில்லிலிருந்து மீண்டு வந்தவர். இருமல் நிற்கவில்லை, சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. ஆறு மாத மாத்திரை. சாப்பாட்டுக்கு என்று அரசு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது, 2024 நவம்பரிலிருந்து அது 1000. கிராமச் சுகாதாரச் செவிலியர் தவறாமல் வருவார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் மூச்சு முட்டும், ஜன்னலை அவர் திறப்பதே இல்லை. குழந்தைகள் அதே அறையில். காற்றோட்டம் பற்றி நான்கு முறை பேசினேன், தலையாட்டினார். ஐந்தாம் முறை, ஸ்பேனர் கையில் இருக்கும்போது, ஜன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டே கேட்டேன், "ஏன்ணா தொறக்க மாட்டேங்கிறீங்க?" மெதுவாகச் சொன்னார்: "மில்லுல ஜன்னல் தொறந்தா சூப்பர்வைசர் எட்டிப் பாப்பான்மா. தூங்குறமா, ஓடுறமான்னு."

அவருடைய மனைவியின் பழைய சேலை ஒன்றைக் கிழித்து ஜன்னலில் பாதி உயரத்துக்குத் திரை கட்டினோம். மேல்பாதி திறந்திருந்தது. மாத்திரை முடியும்வரை அந்தச் சேலை அங்கே ஆடிக்கொண்டிருந்தது. மன நலம் என்று பயிற்சி வகுப்புகளில் படம் போட்டுக் காட்டும்போது எனக்கு அந்த நீலக் கட்டம் போட்ட சேலைதான் நினைவுக்கு வரும்.

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. நம் மாவட்டத்தில் உத்திரமேரூர் ஒன்றியத்து மலையாங்குளம் உட்பட சில இடங்களில் இருளர்களுக்கு நூற்றுக்கணக்கில் வீடுகள் ஒரே வளாகமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. 2023 நவம்பர் 15 அன்று ஒன்றிய அரசு மிகவும் நலிவுற்ற 75 பழங்குடிக் குழுக்களுக்காகப் பி.எம். ஜன்மன் திட்டத்தைத் தொடங்கியது. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கரோடு இருளரும் அந்தப் பட்டியலில் உண்டு. வீடு, தண்ணீர், மின்சாரம், மருத்துவ வண்டி எல்லாம் ஒரே திட்டத்துக்குள் பேசப்படுவது நல்ல விஷயம். பணத்தைப் பற்றி நான் இனிக் குறை சொல்வது நியாயமாகாது. என் குறை ஒன்றுதான். இத்தனை கோடியில் வால்வு மாற்றுகிற நானூறு ரூபாய் எந்தத் தலைப்பில் வருகிறது? கட்டுவதற்குத் தலைப்பு உண்டு, திறப்பு விழாவுக்குப் பந்தல் உண்டு. மூன்றாம் வருடம் சொட்டும் குழாய்க்கு ஆள் இல்லை.

எங்கள் குடியிருப்புகளில் அந்த ஆளை நாங்களே கண்டுபிடித்தோம். பத்தாவது முடித்த ஒரு பெண். பிளம்பர் வேலைக்குப் பையன்களைத்தான் முதலில் பழக்கினேன், கற்றுக்கொண்டதும் ஒரகடம் பக்கம் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தப்பில்லை, சம்பளம் அங்கே அதிகம். இவள் கற்றுக்கொண்டு இங்கேயே நின்றாள். மாதம் ஒரு நாள் வீடு வீடாகப் போவாள். வீட்டுக்கு இருபது ரூபாய் சேர்க்கிறார்கள், அதில் வாசரும் பல்பும் வாங்குவாள். ஊருக்குள்ளிருந்தும் இப்போது அவளைக் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு இருளப் பெண்களைக் கடைசியில் குடம் வைக்கச் சொன்ன தெருவில் இவள் மோட்டார் ரூமைத் திறந்து உள்ளே போகிறாள். போன வருடம் ஒரு நாள் என் பையைப் பார்த்து, "யக்கா, அது உனக்கு இன்னாத்துக்கு, குடு இங்க" என்று ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள்.

இந்த மாசி மகத்துக்கு முந்தின நாள் அங்கே போயிருந்தேன். மாசிப் பௌர்ணமிக்கு இருளர்கள் எல்லா ஊரிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். மணலில் கொம்பு நட்டுச் சேலையால் சுற்றித் தடுப்புக் கட்டி ராத்திரி தங்குவார்கள். விடியற்காலையில் கன்னியம்மாவைக் கும்பிட்டு, கல்யாணம், பெயர் வைப்பு எல்லாம் அங்கேயே நடக்கும். குடியிருப்பே வெறிச்சோடிக் கிடந்தது. பதினோரு வீட்டுக் கதவிலும் பூட்டு. நிஜமான பித்தளைப் பூட்டு, உத்திரமேரூர் பஜாரில் வாங்கியது. பூட்டிய கதவைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஒரு நொடி வயிற்றைப் பிசையும்.

ஆயா மட்டும் கொட்டாயில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி, வேனில் ஏற முடியவில்லை. முந்தானை முடிச்சில் பதினோரு சாவியும் தொங்கின.

"நீ போகலியா பொண்ணு?"

"நாளைக்குப் போறேன் ஆயா. நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?"

"எங்க படுப்பாங்க? வூட்லதான்." என் கேள்வி அவருக்கு அலுத்துவிட்டது. முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை நீட்டினார். "மூணாவது வூட்டுக் குழா ஒழுவுது. ராவெல்லாம் சத்தம். போய்ப் பாரு."

திறந்துகொண்டு உள்ளே போனேன். சுவரில் பள்ளிக்கூடத்துப் புகைப்படம், கொடியில் மடித்துப் போட்ட போர்வைகள். கழிப்பறைக்குள் விறகு இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போலப் பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். வாசர் இருந்தது, டேப் இருந்தது. ஸ்பேனர் மாமல்லபுரம் போகிற வேனில் இருந்தது.

குழாய்க்கு அடியில் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து ஆயாவிடம் கொடுத்தேன். "ஆச்சா?" என்றார். "உங்க பேத்தி வந்து பாப்பா ஆயா" என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.